மண் பொறுக்கும் அளவு

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது நம் முன்னோர் மரபு. வெட்டினாலும் மிதித்தாலும் வாய் திறவாது சுமப்பது மண். ஆயினும் மலைநாட்டில் வாழும் நமக்கு அவ்வுவமை முழுவதும் பொருந்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் மலைமுடியில் இறங்கி நின்று நாட்கணக்காகப் பொழியும்போது, லயத்து அறைகளில் விளக்கணைக்கும் தாய்மார் மேட்டுப்பக்கச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்த பின்னரே படுக்கின்றனர். மண்ணின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்த எல்லை எங்கே இருக்கிறது? அதனை அளந்து கூற இயலுமா? இயலும் என்று உலகுக்குக் காட்டிய மிகச் சிலருள் ஒருவர் நம் நாட்டவர்; நம் மொழியினர்; பேராதனையில் பல்லாண்டு கற்பித்தவர். அவரே பொறியியற் பேராசிரியர் அழகையா துரைராஜா. இவ்வாரம் அவருடைய வாழ்வையும், அவர் ஆராய்ந்த துகள்களின் இயல்பையும், அவ்வறிவுக்கும் நம் வீட்டுச் சுவருக்கும் உள்ள தொடர்பையும் சிறிது சிந்திப்போம்.

துகள் என்பது யாது என்பதைப் பூண்டுலோயாவில் வாழ்வோர் அறியப் புத்தகம் வேண்டா. தேயிலைத் தொழிற்சாலைக்குள், தோட்டத்து வழக்கிற் கூறினால் ‘ஸ்டோருக்குள்’, ஒருமுறை நுழைந்தாற் போதும். பறித்து வந்த கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீரே. அதனை வாட்டி, உருட்டி, நொறுக்கி, பதப்படவிட்டு, சூடான காற்றில் உலர்த்தி எடுக்கும்போது நூற்றுக்கு மூன்று பங்களவு ஈரமே எஞ்சுகிறது. பின்னர் ஆடும் சல்லடைகள் அத்தூளை அளவு அளவாகப் பிரிக்கின்றன. பி.ஓ.பி. என்றும் பி.ஓ.பி.எப். என்றும் டஸ்ட் என்றும் பெயர் பெறுபவை யாவும் ஒரே செடியின் கொழுந்துதாம். துகளின் பருமன் ஒன்று மாறுவதனால் நிறம் மாறுகிறது, கடுப்பு மாறுகிறது, கொழும்புச் சந்தையில் விலையும் மாறுகிறது. பருந்துகள் மெல்லச் சாயம் விடும். நுண்துகள் நீர் பட்டவுடனே விடும். ஒரு பொருளைச் சிறிது சிறிதாக நொறுக்க நொறுக்க அதன் வெளிப்பரப்பு பெருகுவதே அதற்குக் காரணம்.

தேயிலை மட்டுமன்று. நாம் உண்ணும் கோதுமை மா, குழந்தைக்குக் கரைக்கும் பால்மா, வைத்தியர் தரும் மாத்திரை, வீடு கட்டும் சீமெந்து ஆகிய யாவும் துகள்களே. அவற்றை அரைக்கவும் பிரிக்கவும் நனைக்கவும் உலர்த்தவும் வழி கூறும் பொறியியற் கிளை ஒன்று இன்று உலகெங்கும் தழைத்து வளர்கிறது. அக்கிளையை வளர்ப்போருக்குப் பெரும் தொல்லை தருவது துகள்களின் இரட்டைக் குணம். ஒவ்வொரு துகளும் தனித்தனியே திண்பொருள். கூட்டமாகச் சேர்ந்தாலோ நீர்போல ஒழுகும். ஆனால் நீரைத் தரையிற் கொட்டினால் அது சமமாகப் பரவிவிடும். அரிசியைக் கொட்டினால் குவியலாக நிற்கும். மேலும் மேலும் கொட்டினால் ஒரு சரிவு வரை உயர்ந்து, அதற்குமேல் உயராது பக்கவாட்டில் வழியும். குடத்தில் நீர் ஏற ஏற அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. தானியக் களஞ்சியத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஓர் அளவுக்குமேல் தானியத்தின் பாரத்தைக் களஞ்சியத்தின் சுவர்களே ஏற்றுக்கொள்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த ஜான்சன் என்னும் பொறியியலாளர் 1895ஆம் ஆண்டில் இதனை விளக்கினார்.

இங்ஙனம் திண்மமும் அல்லாது திரவமும் அல்லாது நிற்கும் இப்பொருளின் மிகப் பெரிய குவியல் எது? நாம் நிற்கும் மலையே அன்றோ! ஸ்டோருக்குள் இருக்கும் தூளுக்கும், அந்த ஸ்டோரைத் தாங்கி நிற்கும் மலைச்சரிவுக்கும் அடிப்படை விதி ஒன்றுதான். துகளும் துகளும் உராய்ந்து பிடித்துக்கொள்ளும் வரை குவியல் நிற்கும். பிடி தளர்ந்தால் வழியும்.

மண்ணின் பிடியை முதன்முதல் கணக்கிற் கொணர்ந்தவர் கூலொம் என்னும் பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர். மார்த்தினிக் தீவிற் கோட்டை கட்டிய அனுபவத்தைக் கொண்டு, மண்ணின் வலிமைக்கு உராய்வு, ஒட்டும் தன்மை என இரு கூறுகள் உண்டு என்று 1773ஆம் ஆண்டில் அவர் கூறினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1885இல், ஒஸ்போன் றெய்னோல்ட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு விந்தையைச் சுட்டினார். கடற்கரையில் ஈர மணல்மீது நடக்கும்போது கால் வைத்த இடத்தைச் சுற்றி மணல் திடீரென உலர்ந்தாற்போலத் தோன்றுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். நெருங்கி அடுக்கியிருந்த மணற்றுகள்கள் மிதிபட்டு நகரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடம் தேடுகின்றன, இடைவெளி பெரிதாகிறது, மேலே இருந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மண்ணைத் தள்ளினால் அது நகர்வதோடு விரியவும் கூடும் என்பது அன்று புதுமையான செய்தி.

மூன்றாமவர் கார்ல் தெர்சாகி. 1925இல் வெளிவந்த நூலொன்றினால் மண்பொறியியலுக்கு அடிக்கல் நாட்டியவர். மண்ணுக்குள் நீர் நிறைந்திருக்கும்போது மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்கிறது. எஞ்சியதைத்தான் துகள்கள் தாங்குகின்றன. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அந்த எஞ்சிய அழுத்தமே மண்ணின் வலிமை என்பது அவர் காட்டிய உண்மை. இதனை மனத்தில் வைத்துக்கொண்டால் மலை ஏன் சரிகிறது என்பதன் பாதி விளங்கிவிடும்.

மறு பாதியை விளங்கவைத்த கூட்டத்திலேதான் நம் துரைராஜா இடம்பெறுகிறார்.

1934ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பிறந்த அவர் வடமராட்சி மண்ணுக்கு உரியவர். மலை என்பதே இல்லாத, சுண்ணக்கல்லும் மணலுமாய்ப் பரந்து கிடக்கும் சமநிலம் அது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1957இல் குடிசார் பொறியியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அக்காலத்தில் பொறியியற் பீடம் கொழும்பில் இருந்தது. அங்கிருந்து மேற்படிப்புக்காகக் கேம்பிறிட்ஜ் சென்றார். அங்கே கென்னத் றொஸ்கோ என்னும் பேராசிரியரும் அன்றூ ஸ்கோபீல்ட் முதலிய இளைஞரும் மண்ணின் நடத்தைக்கு ஒரு பொதுவிதி தேடிக்கொண்டிருந்தனர்.

அவர்கள் முன்னிருந்த வினா இதுவே. இளக்கமாகக் கொட்டிய மண்ணைத் தள்ளினால் அது சுருங்குகிறது. இறுக அடித்த மண்ணைத் தள்ளினால் அது விரிகிறது. ஆனால் தொடர்ந்து தள்ளிக்கொண்டே போனால் இரண்டும் ஒரே அடர்த்தியை அடைந்து, அதன்பின் சுருக்கமும் விரிவும் இன்றி ஒழுகத் தொடங்குகின்றன. அதனை ‘மாறுநிலை’ என்று வைத்துக்கொள்வோம். றொஸ்கோவும் ஸ்கோபீல்டும் றொத் என்பவரும் 1958இல் இதனை எடுத்துரைத்தனர். ஆயின் அந்த நிலைக்குப் போகும் வழியில் மண் எவ்விதியைப் பின்பற்றுகிறது? அது அப்போது விளங்கவில்லை.

துரைராஜா எடுத்துக்கொண்டவை வெண்களிமண்ணும் மணலும். கயொலின் என்னும் அவ்வெண்களிமண்தான் பீங்கான் கோப்பைக்கும் மூலப்பொருள். குழைத்த களிமண்ணை உருளையாகச் செய்து, மெல்லிய இறப்பர் உறையில் இட்டு, நீர் நிரப்பிய கலத்தினுள் நிறுத்தி, சுற்றிலும் நீரால் அழுத்தி, மேலிருந்து மெல்ல மெல்ல அமுக்குவர். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு அமுக்கினோம், எவ்வளவு குறுகியது, எவ்வளவு நீர் வெளியேறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் நீர் வெளியேற அவகாசம் கிடையாது; அளவு பிழைத்துவிடும். ஆகவே இது பொறுமை மிகவும் வேண்டிய பணி.

இவ்வளவுகளை வைத்துக்கொண்டு அவர் செய்தது, நம் இல்லத்தரசிகள் மாத முடிவிற் செய்வதைப் போன்ற ஒரு வரவு செலவுக் கணக்கு. மண்ணை அமுக்குவதற்கு நாம் செலவிட்ட வேலை எவ்வளவு? அதில், அழுத்திய வில் மீளுவதுபோல மீண்டும் கிடைப்பது எவ்வளவு? மீளாது அழிந்தது எவ்வளவு? இங்ஙனம் கணக்கிட்டபோது ஓர் எளிய ஒழுங்கு வெளிப்பட்டது. அழிந்த வேலை முழுவதும் உராய்வில் அழிந்ததே. துகள்களை நெருக்கும் அழுத்தம், மண் உருக்குலைந்த அளவு, உராய்வைக் குறிக்கும் ஒரே ஒரு மாறிலி ஆகிய மூன்றையும் பெருக்கினால் அந்தச் செலவு வந்துவிடுகிறது. மண் சுருங்கியதா விரிந்ததா என்பதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை. மணலும் களிமண்ணும் வேறு வேறு சாதி என்று நினைத்திருந்தவர்களுக்கு, அவ்விரண்டும் ஒரே விதிக்கு அடங்குகின்றன என்று காட்டும் வழி திறந்தது. குழைத்த களிமண்ணின் வலிமை பசைபோன்ற ஒட்டும் தன்மையால் வருவது என்று அதுவரை நிலவிய கருத்தும் அதனால் ஆட்டங்கண்டது.

இவ்வாய்வேட்டை அவர் 1961இற் சமர்ப்பித்தார். 1963இல் றொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா என்னும் மூவர் பெயரையும் தாங்கி வெளிவந்த கட்டுரை இன்றும் மண்பொறியியலார் எடுத்துக்காட்டும் மூல ஆவணங்களுள் ஒன்று. அதிலிருந்து எழுந்த மாதிரிக்குக் ‘கேம் களிமண்’ என்று பெயர் வைத்தனர். கேம்பிறிட்ஜ் நகரின் நடுவே ஓடும் கேம் ஆற்றின் பெயரால் வந்தது அது. அவ்வாற்றங்கரையிலோ வேறெங்கேயோ கிடைக்கும் களிமண்ணைக் குறிப்பதன்று. கணக்கில் மட்டும் வாழும் ஓர் இலட்சிய மண் அது. ஆயினும் அதனை அடியொற்றி வளர்ந்த கணக்குகளைக் கொண்டே இன்று உலகின் பல நாடுகளிற் சுரங்கப்பாதையும் அணைக்கட்டும் மண்மேடும் வடிவமைக்கப்படுகின்றன. கணினி நிரல்களுக்குள்ளும் அது புகுந்து அமர்ந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2005இல் வெளியிட்ட நூலிலும் ஸ்கோபீல்ட், துரைராஜாவின் கண்டுபிடிப்பை எடுத்துரைத்திருப்பது கருதத்தக்கது.

இத்தகைய ஆய்வைச் செய்த இளைஞர் ஒருவருக்கு அந்நிய நாட்டிலே நல்ல ஆசனம் கிடைப்பது அரிதன்று. துரைராஜாவோ நாடு திரும்பி இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1964இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் உயர்ந்தார். பின்னர் 1988ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். போர் நடந்த காலம் அது. மின்சாரமும் இல்லை, எரிபொருளும் இல்லை. துணைவேந்தர் துவிச்சக்கரவண்டியிற் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வந்ததை யாழ்ப்பாணத்தவர் இன்றும் நினைவுகூர்வர். 1994ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன் அவர் காலமானார்.

பேராதனைப் பொறியியற் பீடம் மகாவலியின் கரையில் இருக்கிறது. நம் பூண்டுலோயாவின் ஓடை கொத்மலை ஓயாவிற் கலந்து, கொத்மலை ஓயா மகாவலியிற் கலந்து, அந்தப் பீடத்தைக் கடந்தே கீழே செல்கிறது. மழைக்காலத்தில் அவ்வாறு செந்நிறமாகப் பாயும்போது அதிற் கரைந்து செல்வது நம் மலையின் மண்ணுந்தான். மண்ணைப் பற்றிய உலகறிவு ஒரு காலத்தில் அக்கரையில் இருந்த வகுப்பறையிலே கற்பிக்கப்பட்டது. நம் மண் அவ்விடம் வரை நாள்தோறும் சென்றது. அவ்வறிவு நம்மிடம் வரை ஏறி வந்ததா என்பதே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

நம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: “ஐயா, மழை கொட்டும்போது நின்ற மலை, மழை விட்ட பிறகு சரிகிறதே, அது எப்படி?” அவர் வீடும் ஒரு சரிவின் கீழேதான் இருக்கிறது. ஆகவே அது பரீட்சைக்காகக் கேட்கப்பட்ட வினா அன்று.

அவருக்கு நாம் பிட்டு மாவை உவமையாகக் கூறினோம். உலர்ந்த மா கையில் நில்லாது உதிரும். அளவாக நீர் தெளித்துக் குழைத்தால் துகளும் துகளும் பற்றிக்கொண்டு மணிமணியாக நிற்கும். துகள்களுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை உள்நோக்கி இழுத்துப் பிடிப்பதே காரணம். நீர் மிகுந்துவிட்டாலோ இழுத்துப் பிடித்த அந்த நீரே துகள்களை விலக்கத் தொடங்கும், மா கூழாகிவிடும். மலைமண்ணும் அவ்வாறே. கோடையிலும் சிறு மழையிலும் செங்குத்தாக வெட்டிய மண்மேடு அசையாது நிற்பது அந்த அளவான ஈரத்தின் தயவால். அது நிற்பதைக் கண்டு எக்காலமும் நிற்கும் என்று நம்பிவிடுகிறோம். பெருமழை நாட்கணக்காகப் பெய்யும்போது நீர் மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. அடியிற் பாறை தடுக்கும் இடத்தில் தேங்கி, மேல்நோக்கி நிறைகிறது. அந்த நீர் மேலுள்ள பாரத்திற் பங்கு கேட்கிறது. துகள்களின் பிடி தளர்கிறது. நீர் இறங்குவதற்கு நேரம் பிடிப்பதனால், வானம் வெளுத்த பின்னரும் மலைக்குள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கக் கூடும். மழை விட்டது என்று மக்கள் வீடு திரும்பும் வேளையே சில சமயம் கொடிய வேளையாகிவிடுகிறது.

இளக்கமான மண்ணுக்கும் இறுகிய மண்ணுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே முக்கியம். இறுகிய மண் அசையத் தொடங்கும்போது விரிகிறது என்றோம். விரியும்போது நீரை உள்ளிழுத்துச் சிறிது நேரமாவது தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. இளக்கமான மண்ணோ அசைந்தவுடன் சுருங்க முயல்கிறது. இடைவெளியில் உள்ள நீருக்குப் போக இடமில்லை. பாரம் முழுவதும் திடீரென நீரின் தலையில் விழுகிறது. மண் சேறாகி ஓடுகிறது. வீட்டுக்கு இடம் பண்ணுவதற்காக மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்து விளிம்பிற் கொட்டி, அதன்மேல் குசினியோ திண்ணையோ எழுப்புவது நம் பகுதியிற் காணும் வழக்கம். அந்தக் கொட்டிய மண்ணே இளக்கமான மண். பார்வைக்கு அது தரை. கணக்கில் அது நீருக்காகக் காத்திருக்கும் குவியல். உண்மையான மலைமண், கல்லும் மண்ணும் கலந்து, பாறை இற்று அங்கேயே மண்ணாகியும் மேலிருந்து உருண்டு வந்து தங்கியும் கிடப்பது. ஆய்வுகூடத்து வெண்களிமண்ணைப்போல அது எளிதில் கணக்குக்கு அடங்காது. ஆயினும் உராய்வு, அடர்த்தி, நீர் என்னும் மூன்றும் இங்கும் அரசாள்கின்றன.

அம்மூன்றிலும் மனிதன் கை வைக்கக் கூடியது பெரும்பாலும் நீர் ஒன்றிலேதான். இதற்கு அயலிலேயே சான்று உண்டு. அட்டனுக்கு அருகேயுள்ள வட்டவளையில் 1992இல் மலைச்சரிவு நகர்ந்து புகையிரதப் பாதையைச் சிதைத்தது. பெருந்திரளான அம்மண்ணை அள்ளி அகற்றவோ சுவர் எழுப்பித் தடுக்கவோ எவராலும் இயலாது. பொறியியலாளர் மலைக்குள் நீண்ட துளைகளை இட்டு, உள்ளே தேங்கிய நீரை வடித்தனர். நீரின் அழுத்தம் தணிந்தது. மண் தன் பிடியை மீண்டும் பெற்றது.

அதே உண்மையைச் சிறிய அளவிலே நம் தோட்டத்துத் தொழிலாளர் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றனர். மலையிலே ‘கான்’ வெட்டுதல் அவர்களுடைய வேலைகளுள் ஒன்று. சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வகுத்து, மழைநீர் மண்ணுக்குள் இறங்குமுன் அதனை ஓடைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. மண்ணரிப்பைத் தடுக்க என்று கூறி அதனை வெட்டினர். மலையின் பிடியையும் அது காத்தது. இன்று பல மலைகளில் கான்கள் தூர்ந்து புல் மூடிக் கிடக்கின்றன. தேயிலை கைவிடப்பட்ட மலைகளில் அவை இருந்த சுவடே இல்லை. கான் தூர்ந்தால் அந்நீர் மறைந்துவிடுவதில்லை, மண்ணுக்குள் இறங்குகிறது. மண்வெட்டி பிடித்த பாட்டன் அறிந்த அந்த உண்மையும் கேம்பிறிட்ஜ் ஆய்வேட்டின் உண்மையும் வேறு வேறு அல்ல.

அறிவு நாட்டிலே இல்லாமற் போகவில்லை. 1986இல் மலைநாட்டில் நிகழ்ந்த பெரும் மண்சரிவுகளுக்குப் பின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கி அபாய வலயப் படங்களைத் தயாரித்து வந்திருக்கிறது. எந்தச் சரிவு ஐயத்துக்குரியது என்பது படத்திலே வண்ணம் தீட்டிக் காட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லய வரிசைகளை மூடிற்று. அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரிக்கை கூறப்பட்டிருந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை, நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை வீட்டின்மேல் வந்தது. அந்நாட்களை நாம் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இப்பத்தியை வாசிப்போரிற் பலர் அவற்றைக் கண்ணாற் கண்டவர்கள்.

அறிவு இருந்தும் உயிர் போவதென்றால் இடையிலே ஏதோ அறுந்திருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் நிலமும் வீடும் கொடுத்துக் குடியேற்றுவது அரசினரும் தோட்ட நிருவாகத்தினரும் செய்ய வேண்டிய கடமை. “அபாயம், வெளியேறுங்கள்” என்று ஒரு குடும்பத்தை நோக்கிக் கூறுபவர், எங்கே போவது என்பதையும் கூறியாக வேண்டும். நிலவுரிமை இல்லாத மக்களுக்கு எச்சரிக்கை என்பது பாதி வாக்கியமே. இதனைக் கேட்பதில் நாம் ஓயக் கூடாது.

ஆனால் அவ்வீடு எழும் வரை மழை காத்திருக்காது. ஆதலின் நம் கைக்கு எட்டியவற்றையும் அறிந்து வைத்திருத்தல் வேண்டும். மேற்கூறிய நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மூன்று படிகளை வகுத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல். 100 மில்லிமீற்றரைத் தொட்டால் புறப்பட ஆயத்தமாயிருத்தல். 150 மில்லிமீற்றரை எட்டினாலும், ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் உடனே வெளியேறுதல். இவ்வளவை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. பக்கம் நேராக உள்ள வாயகன்ற தகரப் பேணி ஒன்றைக் கூரைத் தாழ்வாரமும் மரநிழலும் படாத வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தாற் போதும். அடி குறுகி வாய் விரிந்த வாளி பொருந்தாது, கணக்கு பிழைத்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக் கூடிய காரியம் இது. லயத்துக்கு ஒரு பேணியும், அதனைக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் இருக்குமாயின், அந்த லயம் நள்ளிரவில் வானொலியை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை.

மலை தானாகவும் சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு விழுந்து நாளுக்கு நாள் அகலுதல். நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தல். கதவும் யன்னலும் காரணமின்றி இறுகுதல். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல். தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மழை அளவுக்காகக் காத்திருத்தல் வேண்டா. குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு சரிவின் வழியை விட்டு அகன்றுவிட வேண்டும். ஓடை நெடுகக் கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகுவதே அறிவுடைமை. மழை விட்டவுடன் திரும்புதலும் ஆகாது. காரணம் முன்னரே கூறினோம்.

நம்மைப் போன்ற ஆசிரியருக்கு இன்னுமொரு கடமை உண்டு. பௌதிகவியல் வகுப்பில் உராய்வு என்னும் பாடம் வரும்போது, மரக்கட்டையைச் சாய்தளத்தில் வைத்து வினா எழுதுகிறோம். சாய்தளம் யன்னலுக்கு வெளியே நிற்கிறது. அதன்மேல் மாணவரின் வீடு இருக்கிறது. ‘உராய்வுக் குணகம்’ என்று மனனம் செய்யும் மாணவருக்கு, அக்குணகத்தைக் கொண்டே தமிழர் ஒருவர் மண்ணின் விதியைக் கண்டார் என்றும், அவ்விதி அவருடைய தாயார் படுக்கும் அறைச் சுவரைப் பற்றியது என்றும் கூறினால், பாடம் வேறு ஒளி பெறும். மலையகப் பிள்ளைகள் பேராதனையிலும் பிற இடங்களிலும் பொறியியல் கற்கச் செல்லும் காலம் இது. அவர்கள் தொகை இன்னும் சிறிதே, பெருக வேண்டும். அவர்களுள் இருவர் மூவராயினும் மண்ணைக் கற்கச் செல்வார்களாக. சமநிலத்திற் பிறந்த ஒருவர் மண்ணின் பொறுமைக்கு எல்லை கண்டார். சரிவிலே பிறந்தவர்கள் அந்த எல்லையை ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் அளந்து கூற முன்வருதல் வேண்டும்.

அடுத்த மழைக்கு முன்னர் நம் வீட்டுக்கு மேலுள்ள கானைச் சென்று பார்ப்போம். தூர்ந்திருந்தால், தோட்டத்தாரின் ஆள் வரும் வரை காத்திராது, அயலாரைக் கூட்டி நாமே மண்ணை அள்ளி நீருக்கு வழி விடுவோம்.